ஒரு ஜீன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கழுவாஞ்சிக்குடியில் உயர்தர உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கான பதில் இது. கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "ஒரு புரதத்தை உருவாக்கும் டி.என்.ஏ. துண்டுதான் பரம்பரையலகு, அதாவது ஜீன், என்று டியூஷன் நோட்டில் இருக்கிறது. வந்தாறுமூலையில் படிக்கும் அக்கா, அது பழைய வரைவிலக்கணம், இப்போது அப்படிச் சொல்வதில்லை என்கிறார். எது சரி? இன்ட்ரோனும் ஜீனுக்கு முன்னால் இருக்கும் தொடக்கியும் ஜீனுக்குள் சேருமா, சேராதா? சிவப்பரிசிக்கு ஒரு ஜீன், வெள்ளை அரிசிக்கு ஒரு ஜீன் என்று சேர் சொன்னாரே, அதுவும் பிழையா?"

அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் நோட்டைக் கிழித்துப் போட வேண்டாம். அதில் இருப்பது ஒரு காலத்தில் நோபல் பரிசு வாங்கிய வசனம். இன்றைக்குப் பாதுகாப்பாக எழுதக்கூடியது இது: தொழிற்படும் ஒரு விளைபொருளை உண்டாக்கத் தேவையான தகவலைக் கொண்ட நியூக்கிளிக் அமிலத் தொடர் (டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.) ஜீன் எனப்படும், அந்த விளைபொருள் புரதமாகவும் இருக்கலாம், ஆர்.என்.ஏ.யாகவும் இருக்கலாம். சோதனைக்கு இது போதும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, அந்தத் தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, பெரிய ஆட்களே ஒத்துப்போகாத இடம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான் படுவான்கரை ஆள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். எங்கள் வயல் ஆயித்தியமலைப் பக்கம், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைவது. அந்த வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தால், வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே வாய்க்கால் என்று நாலு எல்லை எழுதியிருக்கும். உள்ளே என்ன விளைகிறது என்பது உறுதிக்குத் தேவையில்லை. வெட்டு மெசின் கொண்டு வருகிறவர் கதிர் நிற்கிற இடத்தை மட்டும்தான் பார்ப்பார். வரம்பும் மேட்டுத் திடலும் அவருக்கு வெறும் தொந்தரவு. அப்பாவைக் கேட்டால் கதை வக்கடையில் (வரம்பில் தண்ணீர் விடும் திறப்பு) தொடங்கி, வாய்க்கால் வழியே போய், குளத்து மதகில்தான் நிற்கும். தண்ணீர் வராத வயலை அவர் வயல் என்றே சொல்ல மாட்டார். ஜீனுக்கு வந்த வரைவிலக்கணங்களும் இந்த மூன்று வகைதான். ஒன்றன் பின் ஒன்றாக வந்தன என்பதால் நாம் அவற்றைப் பழையது, புதியது என்கிறோம்.

முதலில் வந்தது உறுதிக்காரரின் பதில். மெண்டல் 1866 இல் பட்டாணி ஆய்வை வெளியிட்டபோது 'ஜீன்' என்ற சொல்லே கிடையாது. அந்தச் சொல்லை 1909 இல் உண்டாக்கியவர் டென்மார்க் தாவரவியலாளர் ஜொஹான்சன். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தச் சொல்லுக்குள் எந்தக் கருதுகோளும் இருக்கக்கூடாது என்பதை அவர் தெரிந்தே செய்தார். பிள்ளைக்குப் போகும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன பொருள் என்று தெரியாது. தெரியாததற்கு ஒரு குட்டிப் பெயர் வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். பிறகு மோர்கனும் அவருடைய மாணவர்களும் பழ ஈக்களைக் கலந்து கலந்து, நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) எந்த ஜீன் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடமே போட்டார்கள். முதல் வரைபடம் 1913 இல் வந்தது, போட்டவர் ஸ்டேர்ட்டவன்ற். நூலில் மணி கோர்த்த மாதிரி ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன என்ற படம் அப்போது வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், 1933 க்கான நோபல் பரிசைப் பெற்ற மோர்கன் தன் உரையிலேயே, ஜீன் என்பது உண்மையான பொருளா அல்லது வெறும் கற்பனையா என்பதில் துறையினருக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று சொன்னார். எல்லை தெரியும், அயல் தெரியும், மண் என்னவென்று தெரியாது.

இந்த மணிமாலைப் படம் நம் தலையில் இன்னும் இருப்பதற்கு நாம் பாவிக்கும் சொல்லும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 'மரபணு' என்கிறார்கள். 'அணு' என்றதும் தனியாக உருளுகிற ஒரு துகள்தான் மனதில் வருகிறது. நம்முடைய 'பரம்பரையலகு' பரவாயில்லை, ஆனால் 'அலகு' என்றாலும் அளந்து வெட்டி எடுத்த துண்டு என்ற நினைப்பு வரத்தான் செய்யும். இந்தப் பதிலில் நான் ஜீன் என்றே எழுதுவது அதனால்தான்.

அடுத்தது வெட்டு மெசின்காரரின் பதில். 1941 இல் பீடில், டேட்டம் என்ற இருவர் பாண் பூஞ்சணத்துக்கு எக்ஸ் கதிர் அடித்துப் பார்த்தார்கள். ஒரு ஜீன் கெட்டால் ஒரு நொதியம் (என்சைம்) இல்லாமல் போகிறது. ஆகவே ஒரு ஜீன், ஒரு நொதியம். 1958 இல் இதற்கு நோபல் கிடைத்தது. எல்லாப் புரதமும் நொதியம் அல்ல என்பதால் பிறகு 'ஒரு ஜீன், ஒரு புரதம்' ஆகியது. நமது ஈமோகுளோபின் ஒரு புரதம்தான், ஆனால் அதன் அல்பா சங்கிலிக்கான ஜீன் 16 ஆம் நிறமூர்த்தத்திலும் பீற்றா சங்கிலிக்கான ஜீன் 11 ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. எனவே 'ஒரு ஜீன், ஒரு பல்பெப்தைட்டுச் சங்கிலி' என்று மறுபடியும் திருத்தினார்கள். இடையில் 1944 இல் ஏவரியும் கூட்டாளிகளும் பரம்பரைப் பொருள் டி.என்.ஏ. என்று காட்டினார்கள், 1953 இல் அதன் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது, 1966 அளவில் டி.என்.ஏ.யின் நான்கு இரசாயன எழுத்துகளை (ஏ, ரி, ஜி, சி) மூன்று மூன்றாக வாசித்து அமினோ அமிலம் சேர்க்கும் குறியீடு முழுக்கப் பிடிபட்டது. உங்கள் நோட்டில் உள்ள வசனம் இந்தக் காலத்தது. கதிர் நிற்கிற இடம்தான் வயல்.

மூன்றாவது, அப்பாவின் பதில். 1961 இல் பிரான்சில் ஜேக்கப்பும் மொனோவும் குடலில் வாழும் ஈ.கோலி பற்றீரியாவைப் பார்த்துச் சொன்னது அது. அந்தப் பற்றீரியாவில் பால் வெல்லமான லக்டோசை உடைத்துப் பயன்படுத்த மூன்று ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. லக்டோசு இல்லாதபோது மூன்றும் மூடிக் கிடக்கும். அவற்றுக்கு முன்னால் புரதம் எதையும் தராத ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதில் ஒரு புரதம் வந்து குந்திக்கொண்டால் வாசிப்பு நடக்காது, எழும்பினால் மூன்றும் ஒன்றாக வாசிக்கப்படும். மூன்று வயலுக்கு ஒரே வக்கடை. அந்த வக்கடையை எந்த வயலின் கணக்கில் எழுதுவது?

இதுவரைக்கும் கதை ஓரளவு ஒழுங்காகத்தான் போகிறது. குழப்பம் வருவது மனித ஜீன் ஒன்றை முழுவதும் எழுத்தெழுத்தாக வாசிக்கும்போது. உதாரணத்துக்கு பீற்றா குளோபின் ஜீனையே எடுப்போம். ஈமோகுளோபினுக்கு என்பதால் மட்டும் சொல்லவில்லை. தலசீமியா என்ற இரத்த நோயின் பெயர் நம் நாட்டில் நிறைய வீடுகளில் புழங்குகிற சொல், அந்த நோயின் பீற்றா வகை இந்த ஜீனைப் பற்றியதுதான்.

பீற்றா குளோபின் ஜீன் சின்னது. வாசிக்கத் தொடங்குமிடத்தில் இருந்து முடியுமிடம் வரை சுமார் 1,600 எழுத்து. புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள் 146. மூன்றெழுத்துக்கு ஒன்று என்றால், தொடக்கக் குறியையும் நிறுத்தக் குறியையும் சேர்த்து 444 எழுத்துதான் தேவை. மீதி எங்கே போனது? கிட்டத்தட்ட 980 எழுத்து இரண்டு இன்ட்ரோன்களில் போகிறது. அதாவது எழுத்துகள் முழுவதும் முதலில் ஆர்.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கப்படும், பிறகு இன்ட்ரோன்களை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமான மூன்று எக்சோன்களை ஒட்டித்தான் புரதம் கட்ட அனுப்பப்படும். ஜீன் இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கும் என்பது 1977 வரை யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த சார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993 இல் நோபல் கிடைத்தது.

சரி, எறியப்படும் துண்டுதானே, அதை ஜீனில் சேர்க்காமல் விட்டால் என்ன? நோட்டின் வரைவிலக்கணத்தின்படி விட்டுவிடலாம். ஆனால் இலங்கையில் அதிகம் காணப்படும் பீற்றா தலசீமியா விகாரம் எங்கே இருக்கிறது தெரியுமா? முதலாவது இன்ட்ரோனின் ஐந்தாவது எழுத்தில். ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கிறது. புரதத்தின் 146 அமினோ அமிலத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியது, எங்கே வெட்டுவது என்று காட்டும் அடையாளம். அது குழம்பியதும் வெட்டு பெரும்பாலும் தப்பான இடத்தில் விழுகிறது, ஒழுங்கான பீற்றா சங்கிலி குறைந்துபோகிறது, அந்தப் பிள்ளை மாதா மாதம் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. இன்ட்ரோன் ஜீனில் சேராது என்றால் இந்தப் பிள்ளையின் ஜீனில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அதை ஒரு தாயிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஆகவே இன்ட்ரோன் சேரும். இன்று பெரும்பாலானோர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

தொடக்கி? ஜீனுக்குச் சற்று முன்னால் இருக்கும், வாசிக்கும் நொதியம் வந்து பிடிக்கிற இடம். அதில் ஓர் எழுத்து மாறியும் தலசீமியா வருவது உண்டு. எனவே பெரும்பாலான மூலக்கூற்று உயிரியலாளர்கள் பேச்சில் அதையும் ஜீனோடு சேர்த்துக்கொள்வார்கள். வக்கடை வயலோடு ஒட்டியே இருப்பதால் யாரும் பெரிதாகச் சண்டை பிடிப்பதில்லை.

சண்டை வருவது மதகில். 1983 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு தலசீமியாக் குடும்பத்தை ஆராய்ந்தபோது ஓர் ஆச்சரியம் கிடைத்தது. அவர்களுடைய பீற்றா ஜீன் முழுசாக இருந்தது. தொடக்கி, எக்சோன், இன்ட்ரோன் எல்லாம் சரி. ஆனால் அந்த ஜீனுக்கு முன்னால், எட்டத்தில், பெரிய ஒரு துண்டு டி.என்.ஏ. தொலைந்திருந்தது. பிறகுதான் தெரிந்தது, பீற்றா ஜீனில் இருந்து சுமார் 50,000 எழுத்துக்கு அப்பால் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது, குளோபின் ஜீன்கள் பல அதன் சொல்லுக்குத்தான் திறக்கின்றன என்று. வயல் உழுதபடி கிடக்கிறது, வரம்பு கட்டியிருக்கிறது, விதை கையில் இருக்கிறது, உன்னிச்சையில் மதகு திறக்கவில்லை. சிறுபோகத்தில் இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இப்போது சொல்லுங்கள், 1,600 எழுத்து ஜீனுக்கு 50,000 எழுத்துக்கு அப்பால் உள்ள துண்டையும் சேர்த்து எல்லை போடுவதா? போட்டால் இடையில் இருக்கும் வேறு குளோபின் ஜீன்களை என்ன செய்வது?

இதைவிடச் சிக்கலான ஒன்றை நாம் தினமும் சாப்பிடுகிறோம். மட்டக்களப்பு எருமைத் தயிர். என் அம்மம்மாவுக்குப் பச்சைப் பால் ஆகாது. "பால் வயிற்றைக் குழப்பும் மனே, தயிரைத் தின்" என்பா. அவ சொன்னதில் மூலக்கூற்று உயிரியல் இருக்கிறது. பாலில் உள்ள லக்டோசை உடைக்கும் லக்டேசு நொதியத்தின் ஜீன் 2 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது எல்லாருக்கும் அது திறந்திருக்கும். வளர வளர உலகில் பெரும்பாலானோருக்கு அது மெல்ல மூடிவிடும். தயிரில் பற்றீரியா லக்டோசில் ஒரு பங்கை முன்கூட்டியே தின்றுவிடுவதால் பிரச்சினை குறைவு. சிலருக்கு மட்டும் கிழவராகும் வரைக்கும் அந்த ஜீன் மூடுவதில்லை. அவர்களிடம் என்ன வித்தியாசம் என்று பின்லாந்துக் குடும்பங்களில் தேடி 2002 இல் கண்டுபிடித்தார்கள்: லக்டேசு ஜீன் தொடங்குவதற்கு 13,910 எழுத்து முன்னால் ஒரு சி, ரி ஆகியிருக்கிறது. இந்தியாவில் பால் செரிப்பவர்களிடமும் பெரும்பாலும் அதே மாற்றம்தான். அந்த எழுத்து இருக்கிற இடத்தைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். அது வெறும் தரிசு நிலம் அல்ல. பாலுக்கும் செமிபாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத, டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு உதவுகிற இன்னொரு ஜீனின் 13 ஆவது இன்ட்ரோன். நம்முடைய மோட்டருக்கு சுவிட்ச் அயல்காரரின் வளவுக்குள், அவருடைய கோடிக்குள் இருக்கிற மாதிரி. உறுதிப்படி அது அவருடைய காணி. நம் வீட்டுத் தண்ணீர் ஓடுவது அதனால்.

நோட்டின் வசனத்தில் 'ஒரு' என்ற சொல்லும் நிற்காது. ஒரே ஜீனின் பிரதியைத் தைரொயிட்டில் ஒரு விதமாக வெட்டி ஒட்டினால் கல்சிற்றோனின் என்ற ஓமோன். நரம்புக் கலத்தில் வேறு விதமாக வெட்டி ஒட்டினால், குருதிக் குழாயை விரிக்கும் முற்றிலும் வேறொரு பெப்தைட்டு. மனித ஜீன்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டப்படுகின்றன. மறுபக்கத்தில், பற்றீரியாவைத் தாக்கும் ஒரு குட்டி வைரசு இருக்கிறது. 1977 இல் சாங்கரின் குழு வாசித்த அதன் பரம்பரைத் தொகுதி முழுவதும் 5,400 எழுத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் 11 ஜீன்களை அடைக்க இடம் போதாமல் ஒரு ஜீனுக்குள் இன்னொரு ஜீன் கிடக்கிறது. அதே எழுத்துகளை ஓர் எழுத்து தள்ளி வாசித்தால் வேறு புரதம்.

டெங்கைப் பாருங்கள். மாரி முடிந்ததும் நம் ஊரில் வீட்டுக்கு வீடு பேசப்படும் அந்த வைரசிடம் டி.என்.ஏ.யே கிடையாது. சுமார் 10,700 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழைதான் அதன் முதுசம். கலத்துக்குள் வந்ததும் அந்த இழை ஒரே மூச்சில் ஒரு நீண்ட புரதச் சங்கிலியாக வாசிக்கப்பட்டு, பிறகு பத்துப் புரதமாக வெட்டப்படுகிறது. அதற்கு எத்தனை ஜீன்? வாசிப்பைப் பார்த்தால் ஒன்று, வேலையைப் பார்த்தால் பத்து. துறையில் இருப்பவர்கள் பத்துப் பெயர் வைத்துத்தான் பேசுகிறார்கள். மேலே நான் டி.என்.ஏ. என்று எழுதாமல் நியூக்கிளிக் அமிலம் என்று எழுதியது இவருக்காக.

அடுத்தது, அக்கா சொல்ல வந்த முக்கியமான விஷயம்: புரதமே தராத ஜீன்கள். இதற்கு நம் ஊர்க்காரருக்குப் பொருத்தமான உதாரணம் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா), கலத்துக்குச் சக்தி தரும் சின்ன உறுப்பு. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடி யாருடையது என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வோம். கோயில் உரிமை வயிற்றுவார் வழியாகப் போகும். மனிதக் கலத்தில் கருவுக்கு வெளியே, இழைமணிக்குள் இருக்கும் டி.என்.ஏ.யும் அப்படித்தான், தாயிடம் இருந்து மட்டும் பிள்ளைக்குப் போகும். (குடி என்பது ஊர் வகுத்த வழக்கம், இழைமணி கலத்தின் வழக்கம், ஒன்றுக்கு மற்றது காரணம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) இந்த டி.என்.ஏ. ஒரு வளையம், 16,569 எழுத்து, 37 ஜீன். அந்த 37 இல் புரதம் தருபவை 13 மட்டுமே. 22 ஜீன்கள் அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.க்கள், 2 ஜீன்கள் புரதம் கட்டும் இறைபோசோமின் பகுதியான ஆர்.என்.ஏ.க்கள். நோட்டின் வரைவிலக்கணத்தைப் போட்டால் 24 ஜீன்களைத் தள்ளிவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் மிச்ச 13 உம் கட்டப்படவே மாட்டா.

கருவுக்குள் இருக்கும் நிறமூர்த்தங்களிலும் இதே கதை. பெண்களின் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒன்றை மூடிவைப்பது ஒரு நீண்ட ஆர்.என்.ஏ., புரதமாக அது ஒருபோதும் மாறுவதில்லை. சுமார் 22 எழுத்தே உள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள் மற்ற ஜீன்களின் வாயை அடைக்கின்றன. முதலில் 1993 இல் ஒரு சின்னப் புழுவில் பிடிபட்டது, 2024 இல் அதற்கு நோபல் கொடுத்தார்கள்.

இவ்வளவு குழப்பத்தோடு மனிதனுக்கு எத்தனை ஜீன் என்று எப்படி எண்ணினார்கள்? 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் கூட்டத்தில் விஞ்ஞானிகள் இதற்குப் பந்தயமே கட்டினார்கள். பலர் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கட்ட, 25,947 என்று மிகக் குறைவாகக் கட்டிய ஒரு பெண் விஞ்ஞானி 2003 இல் வென்றார். அவருடைய எண்ணும் கூடிப்போய்விட்டது. இன்றைய கணக்கில் புரதம் தரும் ஜீன்கள் சுமார் 20,000 தான். எனக்குப் பந்தயத்தை விட அதன் விதிமுறைதான் சுவாரசியம். பணம் வைத்துவிட்டால் 'ஜீன்' என்றால் என்ன என்று எழுதித்தானே ஆக வேண்டும். எழுதினார்கள்: ஒன்றோடொன்று எக்சோனைப் பகிரும் பிரதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஜீன், அவற்றில் ஒன்றாவது புரதம் தர வேண்டும். ஆர்.என்.ஏ. ஜீன்கள் பந்தயத்தில் சேர்க்கப்படவில்லை. எண்ண முடியாததை வெளியே தள்ளினார்கள் என்று நான் நினைக்கிறேன். அவற்றையும் சேர்த்தால் இன்று எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டும்.

பிறகு தரவுத்தளங்களுக்காக ஒரு பொது வரைவிலக்கணம் தேவைப்பட்டபோது, 25 பேர் ஏறக்குறைய இரண்டு நாள் உட்கார்ந்து பேசித்தான் ஒரு வசனத்துக்கு வந்தார்கள். 2006 இல் அது பரவலாகப் பேசப்பட்டது. பரம்பரையின் ஓர் அலகுக்குரிய, இடம் சுட்டக்கூடிய பகுதி. வாசிக்கப்படும் பகுதிகளும் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் அதைச் சேர்ந்தவை என்பது அதன் கருத்து. ஒரு வருடம் கழித்து, 2007 இல், மனித டி.என்.ஏ.யின் ஒவ்வொரு மூலையையும் தோண்டிய இன்னொரு பெரிய திட்டத்தைச் சேர்ந்தவர்கள் வேறு வசனம் வைத்தார்கள்: ஒன்றோடொன்று இயைந்த விளைபொருள்களுக்கான தொடர்கள் எல்லாவற்றையும் கூட்டினால் வருவது ஜீன், அந்தத் தொடர்கள் ஒன்றன் மேல் ஒன்று கிடந்தாலும் பரவாயில்லை. இதில் கட்டுப்பாட்டுப் பகுதிகளை வெளியே விட்டார்கள், 'ஜீனோடு தொடர்புடையவை' என்று தனிப்பெயர் கொடுத்து. முதல் கூட்டம் மதகையும் வயலோடு சேர்த்தது, இரண்டாவது கூட்டம் மதகை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கொடுத்துவிட்டது. நான் வகுப்பில் முதலாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் நோயாளிகளைப் பற்றிப் பேசும்போது மதகை விட்டுவிட்டுப் பேச முடிவதில்லை. கணினியில் ஜீன்களை எண்ணுகிறவராக இருந்தால் ஒருவேளை இரண்டாவதுக்குப் போயிருப்பேன்.

கடைசியாக உங்கள் அரிசிக் கேள்வி. சிவப்பரிசிக்கு ஒரு ஜீன், வெள்ளை அரிசிக்கு ஒரு ஜீன் என்பது பிழை. தீட்டுவதால் வரும் வெள்ளையைச் சொல்லவில்லை, நெல்லை உரித்ததும் தெரியும் தவிட்டுத் தோலின் நிறத்தைச் சொல்கிறேன். நம் வட்டைகளில் விளையும் நெல்லினங்களில் ஏ.டி. 362 சிவப்பு, பி.ஜி. 94-1 வெள்ளை. காட்டு நெல் பொதுவாகச் சிவப்பு. அதன் 7 ஆம் நிறமூர்த்தத்தில் ஆர்.சி. என்று பெயரிட்ட ஒரு ஜீன் இருக்கிறது; அது தரும் புரதம் தானே சாயம் அல்ல, சாயம் செய்யும் மற்ற ஜீன்களைத் திறந்துவிடும் மேற்பார்வையாளர். உலகில் விளையும் வெள்ளை அரிசி இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அதே ஆர்.சி. ஜீன் அதே இடத்தில் இருக்கிறது, உள்ளே 14 எழுத்து மட்டும் தொலைந்திருக்கிறது. 2006 இல் கண்டுபிடித்தார்கள். 14 மூன்றால் வகுபடாது. ஆகவே அந்த இடத்துக்குப் பிறகு மூன்று மூன்றாக வாசிப்பது முழுக்கத் தடம்மாறி, நடுவிலேயே நிறுத்தக் குறி வந்து, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. சாயம் இல்லை, அரிசி வெள்ளை. ஒரு ஜீன், அதன் இரண்டு எதிருருக்கள் (ஒரே ஜீனின் வேறுபட்ட வடிவங்கள்) என்று எழுதுங்கள். சேர் கோபிக்க மாட்டார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் 'வெல்ஸ்' என்ற வெள்ளை அரிசி இனத்துக்குள் திடீரென்று சிவப்பு மணிகள் தென்பட்டன. பக்கத்து வயல் மகரந்தம் கலந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆர்.சி. ஜீனை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்து 2008 இல் காரணத்தை வெளியிட்டார்கள். தொலைந்த 14 எழுத்து திரும்பி வரவில்லை. அதற்கு 20 எழுத்து முன்னால் இன்னும் ஓர் எழுத்து தொலைந்திருந்தது. 14 உம் 1 உம் 15, மூன்றால் வகுபடும். வாசிப்பு மீண்டும் தடத்துக்கு வந்து, ஐந்து அமினோ அமிலம் குறைந்த ஒரு புரதம் கடைசி வரைக்கும் கட்டப்பட்டு, அரிசி சிவந்துவிட்டது.